ஸ்மார்ட் போர்ட் வந்திட்டுது, ரீச்சர்மாருக்கு நூலகர்தான் பழக்கவேணுமாம். எப்பிடித் தொடங்கிறது?

கனகராயன்கரை எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில ஏ.எல் வரைக்கும் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில நூலகரா இருக்கிறன். புது வேலை ஒண்டு தலையில விழுந்திருக்கு, அதைப்பற்றித்தான் கேக்க வந்தனான், கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் ஆக்கள் காசு சேர்த்து ஒரு பெரிய தொடுதிரைப் போர்டும் ஒரு லப்டொப்பும் வாங்கித் தந்திருக்கினம். பாதுகாப்பா வைக்கிற இடம் எண்டு பாத்தால் யன்னலுக்குக் கிறில் அடிச்சு ஒழுங்கான பூட்டும் இருக்கிற அறை நூலகம்தான், அதால அது நூலகத்துக்குள்ள வந்திட்டுது. பூட்டித் தந்த கொம்பனிப் பொடியன் இன்ரர்வலுக்குப் பிறகு எல்லா ரீச்சர்மாரையும் கூப்பிட்டு வைச்சுக் காட்டினவர், சரியான வேகம், அரைவாசி இங்கிலிஸ், அவர் தொட்டால் எல்லாம் வேலை செய்யுது நாங்கள் தொட்டால் வேற ஏதோ வருது, எழுதி எடுக்கவும் நேரம் இல்ல. அவர் போன கையோட போர்டுக்குச் சீலை போட்டு மூடியாச்சு. இப்ப அதிபர் சொல்லுறார், அது உங்கட அறையில இருக்கு, நீங்கள்தான் ரீச்சர்மாருக்குப் பழக்கவேணும், அடுத்த தவணைக்குள்ள எல்லாரும் பாவிக்கவேணும் எண்டு.

இளம் ஆக்கள் ரெண்டு மூண்டு பேர் தாங்களாவே தட்டிப் பாத்துப் பழகுறினம், அவையைப் பற்றிக் கவலை இல்ல. மற்ற ஆக்கள் 20, 25 வருசமாப் படிப்பிக்கிறவை. அதில ஒரு ஆள் எனக்கே விஞ்ஞானம் படிப்பிச்சவ, அவவுக்கு முன்னால நிண்டு இஞ்ச தொடுங்கோ அங்க தொடுங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வருதில்ல. அவவும் நூலகத்துக்கு வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போர்ட் நிக்கிற பக்கம் திரும்பியும் பாக்காமப் போறா.

பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு வகுப்பு வைப்பம் எண்டால் ஆக்கள் வரமாட்டினம், வரவும் ஏலாது. அரைவாசிப் பேர் யாழ்ப்பாணத்தால, வவுனியாவால வந்து போறவை, 1.30க்கு மணி அடிச்சால் ஏ9 றோட்டுக்கு ஓடி பஸ் பிடிக்கவேணும். சனிக்கிழமை கூப்பிடவும் எனக்கு மனம் இல்ல. இன்ரநெற் எண்டால் ஒரு சிம் போட்ட ரவுட்டர்தான், மழை பெய்தால் அதுவும் ஊருறதுதான்.

நான் படிச்ச டிப்ளோமாவில பகுப்பாக்கம் இருந்தது, பட்டியலாக்கம் இருந்தது, வளர்ந்த ஆக்களுக்கு, அதுவும் எங்களைவிட மூத்த ஆக்களுக்கு, எப்பிடிப் பழக்கிறது எண்டு ஒண்டும் இருக்கேல்ல. இது உண்மையா நூலகரின்ர வேலையோ? ஓம் எண்டால் எங்க தொடங்கிறது? யாரை முதல்ல பிடிக்கிறது? செய்து பாத்த ஆக்கள் யாராவது சொல்லுங்கோ.

---

ஒட்டுசுட்டான்_ஏடு எழுதினது:

தங்கச்சி, வணக்கம். நானும் பள்ளிக்கூட நூலகர்தான், கன காலம்.

முதல் கேள்விக்கு மறுமொழி, ஓம், எங்கட வேலைதான். இஃப்லா எண்டுற உலக நூலகச் சங்கங்களின்ர கூட்டமைப்பு 2015 இல புதுப்பிச்ச பள்ளி நூலக வழிகாட்டியில நூலகர் செய்யிற கற்பித்தல் வேலையளுக்குள்ள வாசிப்பு, தகவல் அறிவு எல்லாம் சொல்லி அதோட தொழினுட்பத்தைப் பாடத்தோட சேர்க்கிறது, ஆசிரியர்மாருக்குப் பயிற்சி குடுக்கிறது ரெண்டையும் சேர்த்திருக்கு. அமெரிக்காவில பள்ளி நூலகரைக் கற்பித்தலில பங்காளி எண்டுதான் அவையின்ர சங்கம் வைச்சிருக்கு, அங்க வகுப்பறைக்குப் புதுச் சாமான் ஒண்டு வந்தால் கன பள்ளிக்கூடத்தில நூலகர்தான் முதல்ல தான் பழகி ரீச்சர்மாருக்குக் காட்டுறவர். இஞ்சயும் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ 1999 இல தொடங்கின நிலிஸ் எண்டுற நூலகக் கல்வி நிறுவனம் ஆசிரிய நூலகர்மாருக்கெண்டே படிப்பு வைச்சிருக்கு. அதால அதிபர் இல்லாத ஒண்டைச் சொல்லேல்ல. அவர் சொன்ன முறைதான் சரியில்ல. எல்லாரும் ஒரு தவணைக்குள்ள எண்டால் அது நடக்காது.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். போர்டைப் பழக்காதேங்கோ. பாடத்தைப் பழக்குங்கோ. கொம்பனிப் பொடியன் போர்டைக் காட்டினவர், இது பேனை, இது அழிறப்பர், இது நிறம், இது சேவ். ரீச்சர்மாருக்கு உது ஒண்டும் தேவையில்ல, அவைக்குத் தேவை நாளைக்கு மூண்டாம் பாடவேளை 10ஆம் ஆண்டுக்கு எதைப் படிப்பிக்கிறது எண்டுறது. அதில எது கரும்பலகையில காட்டக் கஷ்டம் எண்டு கேளுங்கோ, அந்த ஒண்டை மட்டும் போர்டில செய்து குடுங்கோ. மற்றது எல்லாம் பேந்து தானா வரும்.

எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு கணித சேர், ஓய்வுக்குக் கிட்ட. இருபடிச் சார்பு வரைபு படிப்பிக்கேக்க ஒவ்வொரு தடவையும் கரும்பலகையில அச்சு கீறி, புள்ளி வைச்சு, வளைகோடு கீறி, பிறகு குணகம் மாறினால் என்ன நடக்கும் எண்டு காட்ட எல்லாத்தையும் அழிச்சுத் திருப்பிக் கீறவேணும். 40 நிமிசப் பாடவேளையில ரெண்டு வரைபு கீறினால் மணி அடிச்சிடும். நான் அவரின்ர ஃப்ரீ பீரியட் பாத்து, சேர் ஒரு சாமான் காட்டவேணும், சரியோ எண்டு நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும் எண்டு கூப்பிட்டு ஜியோஜிப்ரா எண்டுற கணித மென்பொருளைத் திறந்து வைச்சன். இலவசம், தமிழிலயும் மாத்தலாம், லப்டொப்பில போட்டு வைச்சால் இன்ரநெற் தேவையில்ல. ஒரு இருபடிச் சார்பு போட்டு, குணகத்துக்கு ஒரு இழுக்கிற கோடு வைச்சிட்டு, நான் ரெண்டு அடி பின்னால போய் நிண்டிட்டன். சேர் விரலால அந்தக் கோட்டை இழுத்தார். வளைகோடு ஒடுங்கிச்சுது, விரிஞ்சுது. பூச்சியத்தைத் தாண்டி மறைப்பக்கம் போனோடன அப்பிடியே கவிழ்ந்து போச்சு. சேர் திருப்பி இழுத்தார், திருப்பியும் இழுத்தார். பிறகு என்னைப் பாத்து, பிள்ளை, இதில சமச்சீர் அச்சும் காட்டலாமோ எண்டு கேட்டார். அந்தக் கேள்வி வந்தால் காணும் தங்கச்சி, அதுக்குப் பிறகு நீங்கள் பழக்கத் தேவையில்ல, அவர் உங்களைத் தேடி வருவார்.

இதில நான் கட்டாயம் கடைப்பிடிக்கிற விசயங்கள் கொஞ்சம் இருக்கு. ஒரு நேரத்தில ஒரு ஆள், கூடினால் ஒரே பாடம் எடுக்கிற ரெண்டு பேர். நூலகக் கதவு சாத்தியிருக்கவேணும், பிள்ளையள் உள்ள நிக்கக்கூடாது. 25 வருசம் வகுப்பில தலை நிமிர்ந்து நிண்ட ஆள் ஒரு பிள்ளைக்கு முன்னால தடுமாற விரும்பமாட்டார், அது ஆணவம் இல்ல, வகுப்பைக் கொண்டு நடத்த அந்த மதிப்பு தேவை. பேனையை அவையின்ர கையில குடுத்திட்டு நீங்கள் தொடாதேங்கோ, தவறான இடத்தில தொட்டாலும் கையை நீட்டிப் பறிக்காம வாயால சொல்லுங்கோ. நாங்கள் செய்து காட்டினால் அவை தலையாட்டுவினம், வகுப்பில போய் நிண்டால் ஒண்டும் ஞாபகம் இருக்காது.

மற்றது, இதை வடிவாக் கேளுங்கோ, யாருக்கு ஏலும் யாருக்கு ஏலாது எண்டு அதிபருக்கு ஒருநாளும் அறிக்கை குடுக்காதேங்கோ. கேட்டால், எந்த வகுப்பு எந்தப் பாடத்துக்கு போர்டைப் பாவிச்சுது எண்டுற பதிவேட்டை மட்டும் காட்டுங்கோ. ஆசிரிய ஆலோசகர் வந்தால் ரீச்சர்மாருக்கு அது மேற்பார்வை. அதிபர் பக்கத்தில வந்து நிண்டால் அதுவும் மேற்பார்வை. பள்ளிக்கூடத்தில யாருக்கும் புள்ளி போடாத, யாரையும் மதிப்பீடு செய்யாத ஆள் நாங்கள் ஒராள்தான், அதாலதான் எங்களிட்டை வந்து எனக்கு இது தெரியாது எண்டு அவையால சொல்ல முடியுது. அந்த நம்பிக்கையை விட்டால் பிறகு எடுக்கேலாது.

உங்கட விஞ்ஞான ரீச்சரைப் பற்றி. அவவுக்குப் பழக்கப் போறன் எண்டு நினைக்காதேங்கோ. ரீச்சர், 9ஆம் ஆண்டுக்கு மின்சுற்று எப்ப வருது, அதுக்கு ஒரு சாமான் தேடி வைச்சிருக்கிறன், பிழை இருக்கோ எண்டு பாருங்கோ எண்டு கேளுங்கோ. பாடம் தெரிஞ்ச ஆள் அவதானே. நீங்கள் தேடிக் குடுக்கிற ஆள், புத்தகம் எடுத்துக் குடுக்கிற மாதிரித்தான் இதுவும்.

---

பரந்தன்_சந்தி எழுதினது:

நான் படிப்பிக்கிற ஆள், நூலகர் இல்ல. கிளிநொச்சிப் பக்கம் கணிதம். ரீச்சர்மாரின்ர பக்கத்தில இருந்து சில விசயம் சொல்லவேணும்.

எங்களுக்குப் பயம் போர்டில இல்ல. பிள்ளையள் 38 பேர் பாத்துக்கொண்டு இருக்கேக்க அது நிண்டுபோனால் என்ன செய்யிறது எண்டுறதுதான் பயம். அஞ்சு நிமிசம் திரை கறுப்பா நிண்டால் வகுப்பு எங்கட கையை விட்டுப் போயிடும், பிறகு அந்தப் பாடவேளையே போச்சு. அதால பழக்கேக்க, நிண்டுபோனால் என்ன செய்யிறது எண்டதையும் சேர்த்துப் பழக்குங்கோ. கரன்ட் போனால் எந்த இடத்தில இருந்து கரும்பலகையில தொடரலாம் எண்டு பாடத் திட்டத்திலயே குறிச்சு வைக்கச் சொல்லுங்கோ. எனக்கு ஒரு நூலகர் அப்பிடித்தான் சொல்லித் தந்தவ, அதுக்குப் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது.

ரெண்டாவது, எங்களுக்கு நேரம் இல்ல எண்டுறது சாட்டு இல்ல. யாழ்ப்பாணத்தில இருந்து விடிய வெளிக்கிட்டு வாற ஆக்கள், வீட்டை போய்ச் சேர பின்னேரம் ஆயிடும், ஓ.எல் பாடத்திட்டம் முடிக்கவேணும், ஃப்ரீ பீரியட் எண்டுறது லீவு போட்ட ரீச்சரின்ர வகுப்புக்குப் போறதிலயே முடிஞ்சிடும். அதால அதிபரிட்டை ஒரு விசயம் கேட்டு வாங்குங்கோ. கிழமைக்கு ஒருக்கா, ஒரு ரீச்சருக்கு, பதில் வகுப்பு போடாம ஒரு பாடவேளை ஒதுக்கித் தரச் சொல்லுங்கோ. அது கிடைச்சால் பயிற்சி நடக்கும். கிடைக்காட்டி என்னதான் கூட்டம் வைச்சாலும் வராது.

மூண்டாவது, ஒரு ஏ4 தாளில, தமிழில, போனால எடுத்த படத்தோட, ஒண்டு செய்யோணும் ரெண்டு செய்யோணும் எண்டு எழுதிப் போர்டுக்குப் பக்கத்திலயே ஒட்டி விடுங்கோ. வட்ஸ்அப் குறூப்பில போட்டால் வகுப்பில நிண்டு கொண்டு தேடேலாது.

---

துணுக்காய்_வயர் எழுதினது:

நான் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறன். எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் பிளக் கழண்டால்கூட ஐ.சி.ரி ரீச்சரைத்தான் கூப்பிடுவினம், வகுப்பை விட்டிட்டு ஓடவேணும், அதால நூலகர் ஒராள் இதை எடுத்துச் செய்யிறது எங்களுக்குப் பெரிய உதவி. மனசார சொல்லுறன்.

பழக்கிறதுக்கு முதல் நீங்கள் பாத்து வைக்கவேண்டிய சாமான்கள் சொல்லுறன், ஏனெண்டால் முதல் நாள் ஒரு ரீச்சர் வந்து அது வேலை செய்யாட்டி அவ திருப்பி வரமாட்டா.

லப்டொப்பை போர்டோட இணைக்கேக்க ரெண்டு வயர் கொழுவவேணும். எச்.டி.எம்.ஐ வயர் படத்தைக் கொண்டுபோகும், தொடுறது வேலை செய்ய யு.எஸ்.பி வயர் தனியா வேணும். கன இடத்தில எச்.டி.எம்.ஐயை மட்டும் கொழுவிப்போட்டு, படம் வருது தொட்டால் ஒண்டும் நடக்குதில்ல, போர்ட் பழுது எண்டு சொல்லி மூடி வைச்சிருக்கினம். போர்ட் பழுதே இல்ல, அந்த மற்ற வயர் பெட்டிக்குள்ளயே கிடக்கும். ரெண்டு வயர்லயும் ஒரே நிற ரேப் சுத்தி, கொழுவுற ஓட்டைக்குப் பக்கத்திலயும் அதே நிற ரேப் ஒட்டி விடுங்கோ, பிறகு யாரும் உங்களைக் கூப்பிடத் தேவையில்ல.

கரன்ட். இஞ்ச வோல்ற்றேஜ் ஏறி இறங்கிறது உங்களுக்குத் தெரியும். பழைய மாணவர் ஆக்களிட்டைத் திருப்பி ஒண்டு கேக்கலாம் எண்டால் ரெண்டாவது போர்ட் கேக்காதேங்கோ, கரன்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கிற நல்ல யு.பி.எஸ் ஒண்டு கேளுங்கோ. சித்திரையிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பின்னேரத்தில இடி மின்னல், அதால பள்ளிக்கூடம் விடேக்க சுவிச்சை நிப்பாட்டினால் காணாது, பிளக்கைக் கழட்டவேணும், ரவுட்டரின்ர வெளி அன்ரெனா வயரையும் கழட்டவேணும். அந்த வயரால வந்து அடிச்ச மின்னல்தான் எங்கட வலயத்தில கன கொம்பியூட்டரைக் கொண்டுபோனது.

எழுத்து. மூத்த ரீச்சர்மாரின்ர வினாத்தாள், குறிப்பு எல்லாம் பாமினி எண்டுற பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சதா இருக்கும். அதைப் பாமினி இல்லாத லப்டொப்பில அல்லது போர்டின்ர சொந்த அன்ரொயிட்டில திறந்தால் இங்கிலிஸ் எழுத்தும் குறியுமா வரும். ஒரு ரீச்சர் தன்ர பல வருச உழைப்பு எல்லாம் அழிஞ்சு போச்சு எண்டு நினைச்சுப் பதறினவ. அழியேல்ல, இப்ப எல்லாப் போனிலயும் கொம்பியூட்டரிலயும் தெரியிற யுனிகோட் எழுத்து முறைக்கு மாத்தினால் வந்திடும். மாத்தித் தாற இலவச மென்பொருள் இருக்கு, ஆனா மாத்தினாப் பிறகு கொம்பும் காலும் சரியா வந்திருக்கோ எண்டு ஒருக்கா வாசிச்சுப் பாக்கவேணும். என்ர அனுபவத்தில ஒரு ரீச்சரின்ர நம்பிக்கையைப் பெறக் கெதியான வழி இதுதான், அவவின்ர பழைய வினாத்தாளை யுனிகோட்டில மாத்தி பென்ட்ரைவில போட்டுக் குடுங்கோ, போனிலயே திறந்து வாசிக்கலாம் எண்டு கண்டால் பிறகு மற்ற எல்லாத்தையும் நம்புவா. பென்ட்ரைவை முதல்ல வைரஸ் ஸ்கான் பண்ணுங்கோ, இது மட்டும் மறக்காதேங்கோ.

இன்ரநெற் இல்லாட்டியும் கனக்கச் செய்யலாம். விஞ்ஞானத்துக்கு ஃபெட் எண்டு ஒண்டு இருக்கு, பரிசோதனையளைத் திரையிலயே செய்து பாக்கிறது, அமெரிக்காவில கொலராடோ பல்கலைக்கழகத்தில நோபல் பரிசு எடுத்த கார்ல் வீமன் 2002 இல தொடங்கினது, மின்சுற்று, அடர்த்தி, ஒளி முறிவு எண்டு நிறைய, கன சாமான் தமிழிலயும் இருக்கு. ஒவ்வொண்டையும் தனித்தனிக் கோப்பா இறக்கி வைச்சால் இன்ரநெற் இல்லாம ஓடும். ஒட்டுசுட்டான் அக்கா சொன்ன மின்சுற்றுக்கு இதுதான் சரியான சாமான். கிவிக்ஸ் எண்டு இன்னொண்டு, தமிழ் விக்கிப்பீடியா முழுக்க லப்டொப்புக்குள்ள இறக்கி வைக்கலாம், ஒரு சாதாரண ரவுட்டர் இருந்தால் இன்ரநெற் இல்லாமலே பக்கத்தில இருக்கிற போன்களும் அதைப் பாக்கலாம். கல்வி அமைச்சின்ர ஈ-தக்சலாவ இணையத்தளத்தில தமிழ்மொழிப் பாடங்கள் இருக்கு. வரலாறு, தமிழ் ரீச்சர்மாருக்கு 'நூலகம்' எண்டுற இணையத்தளம், 2005 இல தொடங்கினது, எங்கட ஊர்ப் பழைய சஞ்சிகை, பத்திரிகை, மலர்கள் எல்லாம் அதில கிடக்கு. கோப்பு பெரிசு, சிக்னல் நல்லா இருக்கிற இடத்தில வைச்சு இறக்கிக்கொண்டு வாங்கோ.

---

வவுனிக்குளம்_கட்டு எழுதினது:

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எல்லாரும் நல்லாத்தான் சொல்லுறியள், ஆனால் ஒரு கவலை. 2009 இல எங்கட பள்ளிக்கூடங்களின்ர நூலகங்கள் என்ன ஆனது எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். ஓலைக் கொட்டிலிலயும் தகரத்துக்குக் கீழயும் இருந்து ஒவ்வொரு புத்தகமாச் சேர்த்து எழுப்பினம். இப்பவும் சின்னப் பள்ளிக்கூடங்களில நூலகர் எண்டு ஒராளே இல்ல. இருக்கிற ஒரு சில ஆக்களையும் போர்டுக்குக் காவல் வைச்சால் பிள்ளையளுக்குப் புத்தகம் எடுத்துக் குடுக்கிறது யார்? கதவைச் சாத்தி ரீச்சருக்குப் பழக்கிற அந்த 40 நிமிசமும் நூலகம் பூட்டித்தானே கிடக்கும்?

---

ஒட்டுசுட்டான்_ஏடு எழுதினது:

ஐயா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி, அந்தக் கவலை எனக்கும் இருக்கு. அதாலதான் கிழமைக்கு ஒரு பாடவேளைக்கு மேல ஒதுக்காதேங்கோ எண்டு நான் சொல்லுவன், அதுவும் வகுப்புகளுக்கு நூலகப் பாடவேளை இல்லாத நேரமாப் பாத்து. இன்ரர்வல் நேரம் நூலகம் பிள்ளையளுக்குத்தான், அதில கை வைக்கக்கூடாது. போர்ட் நூலகத்துக்குள்ள இருக்கட்டும், ஆனால் வாசிப்பு மேசையளைத் தள்ளிப்போட்டு அதுக்கு இடம் எடுக்க விடாதேங்கோ, தங்கச்சி, இதில அதிபரோட உறுதியா நில்லுங்கோ.

ஆனால் ஐயா, ரீச்சரும் எங்கட வாசகர்தானே. இந்திய நூலக அறிஞர் ரங்கநாதன் 1931 இல சொன்ன ஐஞ்சு நூலக விதியில நாலாவது, வாசகரின்ர நேரத்தை மிச்சப்படுத்து எண்டது. கணித சேருக்கு நான் ஒரு பாடவேளை குடுத்தன், அவர் பிறகு ஒவ்வொரு வகுப்பிலயும் அந்த அச்சு கீறுற நேரத்தை மிச்சம் பிடிச்சு பிள்ளையளுக்குக் கணக்குச் செய்யக் குடுக்கிறார். நூலகத்துக்குள்ள வராத ரீச்சர்மார் போர்டுக்காக வந்து, பக்கத்து றாக்கையைப் பாத்து, இந்தப் புத்தகம் இஞ்ச இருக்கோ எண்டு கேட்டு எடுத்துக்கொண்டு போனதும் இருக்கு. போர்டுக்குக் கிட்ட நிக்கிற றாக்கையில எந்தப் புத்தகத்தை வைக்கிறது எண்டதை நீங்கள்தான் தீர்மானிக்கிறியள், அதை வீணாக்காதேங்கோ. மின்சுற்றுக்கு ரீச்சர் வாற நாளில 537 எண்டுற பகுப்பு இலக்கத்தில இருக்கிற மின்னியல் புத்தகங்களை முன்னுக்கு எடுத்து வையுங்கோ.

பரந்தன் தம்பி சொன்னதில இன்னொண்டு சேர்க்கிறன். 2006 இல மிஷ்ரா, கோலர் எண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆக்கள் ரெண்டு பேர் எழுதினதைப் படிச்சிருக்கிறன், தொழினுட்பம் தெரிஞ்சால் மட்டும் காணாது, பாட அறிவு, கற்பிக்கிற முறை, தொழினுட்பம் மூண்டும் ஒண்டோடொண்டு சேருற இடத்திலதான் நல்ல பாடம் வரும் எண்டு. மூத்த ரீச்சர்மாரிட்டை முதல் ரெண்டும் நிறைய இருக்கு. இளம் ஆக்களிட்டை மூண்டாவது இருக்கு. அதால எனக்குப் பிடிச்ச முறை, ஒரு மூத்த ஆளையும் ஒரு இளம் ஆளையும் ஒரே பாடத்துக்குச் சேர்த்து இருத்திறது. இளம் ரீச்சர் போர்டில வேகமா எல்லாம் செய்வா, ஆனா பிள்ளையள் எந்த இடத்தில பிழை விடுவினம் எண்டு மூத்த ஆளுக்குத்தான் தெரியும். நான் ஒரு பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு இருப்பன், ரெண்டு பேரும் தங்களுக்குள்ள கதைச்சு முடிவு எடுப்பினம்.

---

கனகராயன்கரை எழுதினது:

எல்லாருக்கும் நன்றி, நான் இவ்வளவு மறுமொழி வரும் எண்டு நினைக்கேல்ல. வயரைப் போய்ப் பாத்தன். துணுக்காய் அண்ணை சொன்ன மாதிரியே யு.எஸ்.பி வயர் பெட்டிக்குள்ள பிளாஸ்ரிக் உறையோட கிடந்தது. கொழுவினோடன தொடுறது வேலை செய்யுது.

அதிபரிட்டைப் போய் கிழமைக்கு ஒரு பாடவேளை கேட்டன், முதல்ல ஏலாது எண்டவர், எல்லாரையும் ஒரே நேரத்தில கூப்பிடுறதைவிட இதில வகுப்புக் குழம்பிறது குறைவு எண்டு விளங்கப்படுத்தினாப் பிறகு ரைம் ரேபிளைப் பாத்து புதன்கிழமை நாலாம் பாடவேளையைத் தந்திருக்கிறார். விஞ்ஞான ரீச்சரிட்டை மின்சுற்றைப் பற்றிக் கேட்டன், அந்தப் பாடம் எடுக்க இன்னும் ரெண்டு கிழமை இருக்கு, கொண்டுவந்து காட்டு பிள்ளை, கலங்களைத் தொடரா இணைக்கிறதும் சமாந்தரமா இணைக்கிறதும் அதில வருமோ எண்டு கேட்டா. அவ அப்பிடிக் கேட்டது எனக்குச் சரியான சந்தோசம்.

இன்னுமொரு கேள்வி. ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒராள் வந்து, தன்ர வகுப்பு நூலகக் கட்டடத்துக்குக் கன தூரம், போர்டிட்டை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாறது கஷ்டம், தனக்கு ஏதும் இல்லையோ எண்டு கேட்டவ. பிள்ளையளிட்டை போனும் இல்ல. ரீச்சரிட்டை மட்டும் ஒரு போன் இருக்கு. அதுக்கு ஏதும் செய்யலாமோ?

---

துணுக்காய்_வயர் எழுதினது:

செய்யலாம். பிளிக்கர்ஸ் எண்டு தேடுங்கோ. ரீச்சரின்ர ஒரு போன் காணும், பிள்ளையளுக்குப் பேப்பர் அட்டைதான். 40 அட்டை கொண்ட தொகுதி இலவசமா இறக்கலாம், ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு கறுப்புக் கட்டக் கோலம் இருக்கும், ஒவ்வொண்டுக்கும் ஒரு இலக்கம், நாலு பக்கத்திலயும் சின்னதா ஏ, பி, சி, டி. இடாப்பில பிள்ளையின்ர இலக்கம் எதுவோ அந்த அட்டையைக் குடுங்கோ. ரீச்சர் கேள்வியைக் கரும்பலகையில எழுதலாம், விடை பி எண்டு நினைக்கிற பிள்ளை பி மேல வாற மாதிரி அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடிக்கும், ரீச்சர் முன்னால நிண்டு போன் கமராவை வகுப்பு முழுக்க ஒருக்காக் காட்டினால் எந்தப் பிள்ளைக்கு விளங்கினது எந்தப் பிள்ளைக்கு விளங்கேல்ல எண்டு போனில வந்திடும். மற்றப் பிள்ளையளுக்குத் தெரியாது, கோலம் எல்லாம் வேற வேற எண்டதால பாத்து அடிக்கவும் ஏலாது. கையுயர்த்தப் பயப்பிடுற பிள்ளையளுக்கு இது சரியான நல்லம்.

ரீச்சருக்கு ஒரு கணக்குத் திறந்து வகுப்புப் பட்டியலை முதல்ல நூலகத்து லப்டொப்பில ஏத்தி விடுங்கோ, பெயருக்குப் பதிலா இலக்கம் மட்டும் போட்டாலும் காணும், சின்னப் பிள்ளையளின்ர பெயரை வெளியில குடுக்கத் தேவையில்ல. அட்டையைக் கொஞ்சம் தடிச்ச பேப்பரில அடியுங்கோ, கறுப்பு மை மங்கலா வந்தால் வாசிக்காது. பளபளப்பான லமினேற் போடாதேங்கோ, யன்னல் வெளிச்சம் பட்டுத் தெறிச்சால் கமரா பிடிக்காது, மட் லமினேற் கிடைக்காட்டி லமினேற்றே வேண்டாம், பின்பக்கம் காட்போட் மட்டை ஒட்டி விடுங்கோ. பிள்ளையள் அட்டையைப் பிடிக்கேக்க விரல் கோலத்தை மறைக்காம ஓரத்தில பிடிக்கப் பழக்கவேணும், அதுக்கே முதல் நாள் பாதி நேரம் போகும், ரீச்சருக்கு முதலே சொல்லி வையுங்கோ.

ஃபெட் மின்சுற்றுக் கோப்பைத் தமிழில இறக்கி வைச்சிருக்கிறன், தொடர் இணைப்பும் சமாந்தர இணைப்பும் ரெண்டும் அதில செய்யலாம், அம்பியர்மானி வோல்ற்றுமானியும் இருக்கு. செவ்வாய்க்கிழமை மல்லாவியால மாங்குளத்துக்கு வாற வேலை இருக்கு, பென்ட்ரைவைச் சந்தியில தந்திட்டுப் போறன், புதன்கிழமைக்கு முதல் லப்டொப்பில ஒருக்காப் போட்டுப் பாருங்கோ.

---

கனகராயன்கரை எழுதினது:

சரி அண்ணை, செவ்வாய் பள்ளிக்கூடம் விட்டோடன சந்திக்கு வாறன். வெறும் பென்ட்ரைவ் ஒண்டும் கொண்டுவாறன், அதில பாமினி மாத்திற மென்பொருளையும் போட்டுத் தாங்கோ.